நைட்டியின் தையல்

நான் நர்சிங் படிக்கும்போது, திருப்பூர் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு பனியன் கம்பெனி டெய்லரைப் பார்த்தேன். சட்டையில் எப்போதும் பஞ்சுப் பிசிறு ஒட்டியிருக்கும். பக்கவாதத்தில் கிடந்த மனைவிக்கு மாற்ற நைட்டி தரும்போதெல்லாம், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித்தான் தருவார்.

“ஏனுங்கண்ணா, திருப்பிக் குடுக்கறீங்க?”

“பொரண்டு படுக்க முடியாதவளுக்குத் தையல் உறுத்தும் கண்ணு. வாய்விட்டுச் சொல்லவும் அவளால ஆகாது.”

படுக்கைப்புண் வராமலிருக்க விரிப்பில் சுருக்கம் கூடாது என்று படித்திருந்தேன். அன்றிலிருந்து தையலையும் தடவிப் பார்த்தேன்.

ஒரு காலையில் அந்த அம்மா இறந்துபோனார். உடம்பைத் துடைத்துவிட்டு, பழக்கத்தில் நைட்டியைத் திருப்பினேன். டெய்லர் அதை வாங்கி நேராக்கினார். தையலை விரலால் நீவிக்கொண்டே சொன்னார்:

“ஊட்டுக்குப் போறா, நேராவே போட்டுவுடு கண்ணு. இனி உறுத்தாது.”