கண்ணை மூடிக்கொள்ளும் தலைவர்

அமெரிக்காவின் அக்ரன் நகரக் காது கேளாதோர் சங்கத் தலைவர் வெண்டல் ப்ரௌட்டைப் போல ஒரு தலைக்கனம் பிடித்த மனிதரை நான் பார்த்ததில்லை. டயர் தொழிற்சாலையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லோரையும் போல அவரும் கைகளால்தான் பேசுவார். வாதத்தில் தோற்கப் போகிறார் என்றால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அப்புறம் நீங்கள் எவ்வளவு கை வீசினாலும் வீண். இந்த லட்சணத்தில் வருடா வருடம் அவர்தான் தலைவர். துணைத்தலைவர் நான்.

அவருடைய சின்ன வயதில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், காது கேட்கிற மற்ற எல்லோரும் பேசிச் சிரிப்பார்களாம். என்னவென்று இவர் கேட்டால், அம்மா "அப்புறம் சொல்றேன்" என்பாளாம். அந்த அப்புறம் வந்ததே இல்லை. எங்களில் யார் வீட்டில்தான் வந்தது? "இந்தச் சங்கத்துல எவனும் எவனுக்கும் அப்புறம் சொல்றேன்னு சொல்லக் கூடாது" என்பார். அந்த ஒன்றில் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்படிப்பட்டவர்தான், கொரின் உறுப்பினராகச் சேர வந்தபோது குறுக்கே நின்றார். கொரின் பேக்கரியில் வேலை செய்யும் பெண். குழந்தையிலேயே பெற்றோர் அவள் மண்டையில் அறுவை செய்து, ஒயரும் காந்தமும் வைத்த கேட்கும் கருவியைப் பொருத்திவிட்டார்கள். பாதி கேட்கும், பாதி கேட்காது. வளர்ந்த பிறகு கைமொழி கற்று, எங்களிடம்தான் முதன்முதலாக வயிறு வலிக்கச் சிரித்தாள். இங்கேயும் கதவைச் சாத்தினால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

"கடவுள் என்னைக் குறையோட படைக்கல. ஒயரும் காந்தமுமா வர்றவங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றார் வெண்டல். தத்துவமாம், தத்துவம்! அடுத்த மாதம் ஓட்டெடுப்பு என்று முடிவானது.

அதற்குள் மனிதர் தோட்டத்தில் மயங்கி விழுந்தார். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். ஓட்டெடுப்பு நாளில் சட்டைக்குள் கட்டோடு வந்து, கூச்சமே இல்லாமல் அதே பல்லவியைப் பாடினார்.

"மனுஷ உடம்புக்குள்ள மிஷின் எதுக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்யா வெண்டல், உன் நெஞ்சுல இருக்கறது என்ன? உங்கம்மா பெத்தப்பவே வெச்சு அனுப்புனாளா?"

எங்கள் கூடத்தில் ரகசியம் கிடையாது. கை அசைந்தால் எல்லோருக்கும் தெரியும். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அது உயிரைக் காப்பாத்தறது. அது வேற."

கொரின் எழுந்தாள். "நீங்களாவது கையெழுத்துப் போட்டு வெச்சுக்கிட்டீங்க. என்னை யாருங்க கேட்டா?"

வெண்டல் கண்ணை மூடிக்கொண்டார்.

வழக்கமாக யாராவது தோளைத் தட்டி எழுப்புவோம். அன்று ஒருவரும் தட்டவில்லை. நானே ஓட்டெடுப்பை நடத்தினேன். கூடம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. கொரின் உறுப்பினரானாள். எல்லோரும் சந்தோஷத்தில் காலால் தரையை உதைத்த அதிர்வில் வெண்டல் கண்ணைத் திறந்தார்.

"என்ன? என்ன ஆச்சு? எதுக்குச் சிரிக்கறீங்க?"

"அப்புறம் சொல்றேன்" என்றேன்.

அவர் முகம் சின்னப் பையன் முகம் போலச் சுருங்கிப்போயிற்று. வேண்டும், நன்றாக வேண்டும் என்றிருந்தது எனக்கு. கொரின் என்னை முறைத்தாள். நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் முதலிலிருந்து சொன்னாள்.

வெண்டல் கண்ணை மூடவில்லை.