பெருமுக்கல் பாறையில் வடக்கு அம்பு

திண்டிவனம் பைபாஸில் சாலை வேலை. யாரோ சம்மட்டியால் கருங்கல்லை உடைக்க, பட்டாசு வெடித்த பிறகு வருமே, அந்தக் கருகல் வாசனை பஸ் ஜன்னல் வழியாக ஏறியது. பழைய ஏழுமலையும் கூடவே ஞாபகத்தில் ஏறினார். மூக்கைப் பொத்திக்கொண்டேன். பயனில்லை.

1. அம்பு

எனக்கு நிலவியல் வேலை. மேற்கே தெரியும் பீடபூமியின் விளிம்பு எப்படி எழுந்தது என்பது எங்கள் கேள்வி. பூமியின் மேலோடு நெருக்குண்டு, மடிந்து, தடிக்கிறது. மேலே இருப்பதை மழையும் காற்றும் கரைத்துக்கொண்டு போகின்றன. சுமை குறையக் குறைய, அடியில் வெந்து கிடந்த பாறை மேலே வருகிறது. பெருமுக்கல் குன்றும் அப்படிப் பல கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வந்ததுதான். எந்தப் பக்கம் எதன் மேல் ஏறியது என்பதைக் கல்லுக்குள் இழுபட்ட கோடுகள் சொல்லும். ஆனால், கல் பாறையோடு இருக்கும்போதே காம்பஸ் வைத்து வடக்கு அம்பு வரைந்துவிட வேண்டும். உடைத்த கல்லுக்குத் திசை கிடையாது.

ஏழுமலை திண்டிவனத்துக்காரர். எங்களுக்குக் கல் உடைத்துத் தரும் தினக்கூலி ஆள், பன்னிரண்டு வருஷமாக. நிரந்தரமாக்கும் லிஸ்ட்டில் அப்போதுதான் அவர் பெயர் ஏறியிருந்தது.

ஒருநாள் பெருமுக்கல்லில் உச்சி வெயில். “அடிங்க ஏழுமலை” என்றேன்.

“சார், இன்னும் அம்பு போடலியே.”

“அப்பறம் போட்டுக்கலாம். ஜல்தி.”

“வெயிலு உங்களத்தான் சார் பேஜாரு பண்ணுது. கல்லு சும்மாத்தான கீது?” சிரித்துக்கொண்டே அடித்தார். கல் தெறித்துச் சரிவில் உருண்டது. எடுத்துவந்து, ஞாபகத்தில் அம்பு வரைந்தேன்.

2. ரிப்போர்ட்

மற்றக் கற்களெல்லாம் மேற்குதான் கிழக்கின் மேல் ஏறியது என்றன. இது மட்டும் மாற்றிச் சொன்னது. அதற்கென்று இரண்டு பக்கம் புதுக் கோட்பாடே எழுதினேன். மேலதிகாரி நம்பவில்லை. நேரில் வந்து, உடைத்த குழியில் கல்லைப் பொருத்திப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. அம்பு தெற்கே காட்டியது.

“யாருய்யா அம்பு போட்டது?”

நான் ஷூவைப் பார்த்தேன். மார்க்கர் ஏழுமலை சுமந்த பையில் செருகியிருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார்.

“கூலி ஆளுகிட்ட மார்க்கர குடுத்தா இப்படித்தான். லிஸ்ட்ல இவன் பேர அடிங்க.”

‘நான்தான் சார் போட்டேன்.’ பல கிலோமீட்டர் ஆழத்திலிருந்து பாறை ஏறி வருகிறது. இந்த மூன்று சொல் என் தொண்டையைத் தாண்டவில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்கிறேன்: முதலில் அம்பு, பிறகு சம்மட்டி. ஏன் என்று கேட்டால் கல்லைப் பற்றி மட்டும் விளக்குகிறேன்.

அதிகாரி வந்துபோன அன்று சாயங்காலம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஏழுமலையை இறக்கிவிட்டேன். சம்மட்டியை ஜீப்பிலேயே வைத்துவிட்டு இறங்கினார்.

“நாளைக்கு நான் அவர்கிட்ட பேசுறேன் ஏழுமலை.”

“வேணாம் சார். அங்கியே வாயத் தொறப்பீங்கன்னு பாத்துக்கினே நின்னேன். ஒடைஞ்ச பொறவு எதுக்கு சார் அம்பு? வர்றேன்.”