இடுப்புக்குப் பூசின எண்ணெய்

எனக்கு இடுப்பு வலி சொல்லிவிட்டு வராது. சில வாரங்கள் நல்ல பிள்ளையாக ஒதுங்கியிருக்கும். ஒழிந்தது சனியன் என்று நானும் நிம்மதியாக இருப்பேன். பிறகு ஒருநாள் காலையில் வேட்டி கட்டக் குனிந்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும். அதோடு விடாது. இடது கால் தொடையிலிருந்து பாதம் வரை மரத்துப் போகும். எறும்பு கடித்தாலும் தெரியாது. கால் என்னுடையதுதானா என்று கிள்ளிப் பார்த்துக்கொள்வேன்.

அப்போது எனக்குக் கடல் தாண்டி மலாய் நாட்டில் ரயில்பாதை வேலை. குடியிருந்தது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த லயன் வீட்டில், அதாவது வரிசை வீட்டில். கிள்ளான் போகும் பாதையில் தண்டவாளம் மாற்றுவோம். இருபுறமும் நின்று தூக்கி, ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே அடியாக எடுத்து வைத்து நடக்க வேண்டும். குரல் கொடுப்பவர் எங்களில் மூத்தவர், வாய் ஓயாத கேலிக்காரர். "மாப்பிள்ளை நடை போதும்பா, காலை எடுத்து வை" என்று என்னைத்தான் அதிகம் சீண்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ரப்பர் விலை விழுந்து, எங்கும் ஆள் குறைத்த காலம் அது. சீக்காளி என்று தெரிந்தால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் வீடும் போகும். என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். அதனால் வலியை மென்று விழுங்கினேன்.

அவள் பூண்டும் கற்பூரமும் போட்டு வேப்பெண்ணெய் காய்ச்சி என் இடுப்பில் தேய்ப்பாள். என்னை நிமிர வைத்தது அதுதான். ஆனால் அந்த நாற்றம்! ஒருநாள் வேலை முடிகிற நேரத்தில் எங்கள் மேஸ்திரி, மண்டோர் என்போம், மோப்பம் பிடித்துக்கொண்டே எங்களைச் சுற்றி வந்தார்.

"நாளைக்குத் துரை வரார். எண்ணெய் வாசனை அடிச்சாலே இடுப்பு போன ஆளுன்னு பேர் எழுதிடுவார். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது, ஆமா."

மறுநாள் காலையில் எண்ணெய் வேண்டாம் என்றேன். ஆனால் பாயிலிருந்து எழவே முடியவில்லை. அவள் தேய்த்துவிட்டாள். பிறகு மிச்ச எண்ணெயோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்த வயிற்றோடு, ஆண்கள் முகம் கழுவும் குழாயடிக்குப் போனாள். "என் மானத்தை வாங்காதே" என்று கத்தினேன். அங்கே என்ன சொன்னாளோ, வெறும் சட்டியோடு திரும்பினாள்.

துரை வந்தபோது எங்கள் கூட்டமே மருந்துக்கடையாக மணத்தது. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்ன இது என்றார். மண்டோர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, கொசுவுக்குப் பூசியிருக்கிறார்கள் என்று மலாய் மொழியில் சொன்னார். அத்தனை பேரையும் அனுப்பிவிட்டுப் பாதையை யாரை வைத்துப் பார்ப்பது? துரை அவசரமாக டிராலியில் ஏறிப் போய்விட்டார்.

எல்லோரும் எனக்காகத்தான் பூசிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் முதலில் அந்தக் கேலிக்காரரைத் தேடிப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்து வலது தொடையை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க செஞ்சதை நான் மறக்கமாட்டேன்."

கேலி செய்வார் என்றுதான் நினைத்தேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்கு எதுக்குப்பா நன்றி? வாசனை காட்டிக் கொடுத்துடும்னு பயந்து எண்ணெயையே தொடாம கிடந்தேன். இன்னைக்குத்தான் இந்தக் கால் கால் மாதிரி நின்னுச்சு. தங்கச்சியை நாளைக்குக் கொஞ்சம் கூடுதலா காய்ச்சச் சொல்லு. குழாயடியில தங்கச்சி வாயைத் திறந்து கேக்கறதுக்கு முன்னாடியே எண்ணெய்க்குக் கை நீட்டினவங்க நிறைய பேரு."