மஞ்சள் சட்டை அக்கா

எங்கள் கட்சியின் தேசியத் தலைவர் தேர்தலில் கிளைத் தலைவர்களுக்கு மட்டுமே ஓட்டு. தோற்கிற அணியோடு நின்ற கிளையை இழுத்து மூடிவிடுவார்கள் என்று பேச்சு. மெர்லிமாவ் ஊரின் கிளைத் தலைவனான நான் பயத்தில் இரண்டு சட்டை போட்டுக்கொண்டேன். கருத்துக்கணிப்பில் முந்திய நீல அணியின் சட்டை வெளியே, எதிரணியின் மஞ்சள் உள்ளே.

ஓட்டுப்பதிவு நடந்த ஆயர் குரோ மண்டப வாசலில் ஒரு கிளைத் தலைவி நின்றார். குள்ளம், நரைத்த கொண்டை, பளிச்சென்ற மஞ்சள் சட்டை. யாராவது வாட்ஸ்அப் கணிப்பை வாசித்தால் உடனே மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக் காதை மூடிக்கொள்வார்.

"அக்கா, உங்க ஆளு தோக்கப் போறாருலா. கிளைய மூடிருவாங்க" என்றேன்.

"மூடட்டும். என் வீட்டு வாசல்ல கூட்டம் போடுவேன். கணிப்பே ஓட்டு போடும்னா நான் எதுக்கு மோட்டார்ல வந்தேன்?" என் கழுத்தை உற்றுப் பார்த்தார். "உள்ள என்ன தம்பி மஞ்சளா தெரியுது?"

"குளிருதுக்கா." வியர்வை காதோரம் வழிந்தது.

கணிப்பு சொன்னபடியே நீலம் வென்றது. மற்ற மஞ்சள் சட்டைகள் மாயமாக மறைந்தன. அக்கா மட்டும் அதே சட்டையோடு, வெற்றிக் கூட்டத்தின் நடுவே ஹார்ன் அடித்தபடி மோட்டாரை ஓட்டி வந்தார்.

"இன்னும் குளிருதா தம்பி?"

என்ன வந்ததோ, அத்தனை பேர் முன்னால் நீலத்தைக் கழற்றி எறிந்தேன். ஏன் செய்தேன் என்று இன்றும் புரியவில்லை. பயம் அப்படியே இருக்கிறது, சட்டைதான் போய்விட்டது.