மச்சினனிடம் போன கோரிக்கைகள்

கம்ப்யூட்டரைத் தூங்க வைக்க ஒரு ப்ரோகிராம் எழுதியிருக்கிறேன் என்று சொன்னால் ஆனையூரில் எங்கள் தெருவே சிரிக்கும். மனுசன் தூங்கவே நேரமில்லை, இதில் மெஷினுக்குத் தாலாட்டா என்று பக்கத்து வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டார். அவருக்கு என்ன தெரியும்? அது என் மனைவி கேட்டு நான் செய்து கொடுத்தது.

அவள் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் பேனரெல்லாம் டிசைன் செய்கிறவள். மதியம் சாப்பிட்டதும் லேப்டாப்பில் பாட்டைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வாள். அவள் எழுந்திருக்கும்வரை அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே கிடக்கும். "ஏங்க, அதுவா நிக்கிற மாதிரி ஏதாச்சும் செய்ய முடியாதா?" என்று ஒருநாள் கேட்டாள். நான் கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு சாஃப்ட்வேரைக் கட்டி மேய்க்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துவிட்டேன். நேரத்தை வைத்தால் போதும், லேப்டாப் தானாகத் தூங்கிவிடும்.

அதற்கப்புறம்தான் ருசி கண்டுவிட்டாள். பட்டென்று நிறுத்தாமல் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றாள். தூங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தூங்க வேண்டும் என்றாள். பிரிண்ட் ஓடும்போது மட்டும் தூங்கவே கூடாது. தினமும் நேரம் வைக்க மறந்துபோகிறது, மதியமானால் அதுவே நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். நானும் சலித்துக்கொள்வேன். "இம்புட்டுதானா, இன்னும் இருக்கா?" என்பேன். ஆனால் உள்ளுக்குள் குளுகுளு என்றிருக்கும். சேலை வேண்டுமென்றால் அவள் அம்மாவிடம் கேட்பாள், ஊருக்குப் போக வேண்டுமென்றால் அவள் அப்பாவிடம் கேட்பாள். என்னிடம் அவள் கேட்டுக் கேட்டு வாங்கியது இந்த ஒன்றைத்தான்.

பிறகு அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டேன். என்ன வேண்டும் என்று எழுதச் சொல்லி ஒரு பக்கமும் வைத்தேன். முன்பின் தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள். கரண்டு போனால் பேட்டரி தீர்வதற்குள் தூங்க வைக்க வேண்டும் என்றார் ஒருவர். பிள்ளைகள் நிறுத்திவிடாதபடி பாஸ்வேர்டு கேட்டார் இன்னொருவர். காலை டீயோடு அவற்றைப் படிப்பதுதான் எனக்குப் பேப்பர் படிப்பது.

அந்த டீயில் வந்து விழுந்தவன்தான் என் மச்சினன். மனைவியின் தம்பி. பெங்களூரில் பெரிய வேலை, இப்போது மேலூரில் அவர்கள் வீட்டு மாடியில் இருந்துகொண்டே பார்க்கிறான். "மச்சான், ஒத்தையில எதுக்குக் கஷ்டப்படுறீங்க, நானும் கொஞ்சம் பாக்குறேன்" என்றான். தங்கமான பையன்தான், அதைச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் வயிற்றெரிச்சல் இரண்டு மடங்கு. "தாராளமாப் பாரு மாப்ள" என்று உள்ளே விட்டேன்.

நான் ஒரு மாதம் மல்லுக்கட்டுகிற வேலையை அவன் இரண்டு நாளில் முடித்தான். கோரிக்கை எழுதுகிறவர்கள் மெல்ல அவன் பக்கம் சாய்ந்தார்கள். புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு நன்றி என்றார்கள். போகட்டும். ஒரு ஆள், இதற்கு அந்தத் தம்பியே பதில் சொன்னால் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தார். யோவ், நீ உட்கார்ந்திருக்கிற வீட்டைக் கட்டினவன் நான்தானய்யா! டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அவன் ஒவ்வொரு பதிலுக்குக் கீழும் ஒரு சிரிப்புப் பொம்மை போடுவான். நானும் இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.

ஊரார் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடட்டும், வீட்டில் இருக்கிறவள் என்னிடம்தானே கேட்கிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் கொஞ்ச நாளாக அவளும் எதையும் கேட்கக் காணோம். ஏன் என்று கேட்கவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பாப்பாவுக்குக் காதுகுத்து வந்தது. மேலூர் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் பந்தல் போட்டிருந்தோம். காதுகுத்து என்றால் தாய்மாமன் விசேசம். பெற்ற அப்பன் ஓரமாக நின்று வருகிறவர்களை வாங்க வாங்க என்று கும்பிடலாம், அவ்வளவுதான். மாப்ள கொட்டு மேளத்தோடு, தட்டுத் தட்டாகச் சீரோடு, பட்டு வேட்டியில் வந்து இறங்கினான். வழியெல்லாம் வெடி போட்டு நின்று நின்று வந்ததில் நேரமாகி, நல்ல நேரம் முடிவதற்குள் குத்திவிட வேண்டும் என்று மதியத்தில் அவசர அவசரமாகப் பாப்பாவை அவன் மடியில் உட்கார வைத்தார்கள்.

ரேடியோ செட்டில் சாமி பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டெல்லாம் என் மனைவியின் லேப்டாப்பில் இருந்ததால் அதையே செட்டில் மாட்டியிருந்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். பாப்பா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. மதியமாகிவிட்டது. லேப்டாப் தூங்கப் போகிற நேரம்.

எங்கள் பக்கம் காது குத்தும்போது சாமி பாட்டு பாதியில் நின்றால் அதைவிட அபசகுனம் கிடையாது. சாமிக்கே பிடிக்கவில்லை என்று கிழவிகள் ஆரம்பித்துவிடுவார்கள், பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட அதில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். என் ப்ரோகிராம், என் பிள்ளை! கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். ஒரு அப்பத்தாவின் காலை மிதித்து வசவு வாங்கினேன். செட்டுக்காரரைத் தள்ளிவிட்டு லேப்டாப்பைத் திருப்பினேன்.

திரையில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. 'இந்தப் பாட்டு முடிந்ததும் தூங்கிவிடுவேன்.'

அது நான் எழுதிய வரி இல்லை. பாட்டு எங்கே முடிகிறது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும் என்று அங்கேயே குனிந்து நின்று யோசித்தேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கொஞ்சம் சத்தமில்லாத இடைவெளி இருக்கும். அதுவரை பொறுத்திரு என்று சொல்லிவிட்டால் போதும், அவ்வளவுதான் விசயம். இது எனக்குத் தோன்றாமல் போச்சே என்று பல்லைக் கடித்தேன். பின்னால் பாப்பா வீறிட்டது. அப்பா என்று அழுதது. நான் திரும்புவதற்குள் இரண்டு காதும் குத்தி முடிந்துவிட்டது. மாப்ள பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான், ஃபோட்டோக்காரர் அதைத்தான் சுற்றிச் சுற்றி எடுத்தார். பாட்டு கடைசி வரி வரைக்கும் லட்சணமாகப் பாடி முடித்துவிட்டு நின்றது. லேப்டாப் தூங்கியது.

"சூப்பரா இருக்குண்ணே. எந்தக் கம்பெனி ப்ரோகிராமு?" என்றார் செட்டுக்காரர்.

வீட்டில் செய்ததுதான் என்று ஊறுகாயைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வந்தேன்.

மனைவி பிடிபிடியென்று பிடித்தாள். பிள்ளை தேடும்போது எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்றாள். பாட்டு நின்றுவிடும் என்று ஓடியதைச் சொன்னேன்.

"அது எப்படி நிக்கும்? சாமி பாட்டு பாதியில அந்துபோறது மனசுக்குச் சரியாப் படலன்னு தம்பிட்டச் சொன்னேன். மறுநாளே செஞ்சு குடுத்துட்டானே" என்றாள்.

தம்பியிடம் சொன்னாளாம். ஒரே கட்டிலில் பக்கத்தில் படுத்திருக்கிறவனைத் தாண்டி, மேலூருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். கறி விருந்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பரிமாறப் போய்விட்டேன். மாப்ள வந்து தோளில் கை போட்டு, சாப்பிட்டீங்களா மச்சான் என்றான். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

சாயங்காலம் காரில் வீடு திரும்பினோம். பாப்பா பின்சீட்டில் அவள் மடியில் தூங்கிவிட்டது.

"இனிமே எது வேணும்னாலும் எங்கிட்டக் கேளு" என்றேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "உங்களக் கேட்டா ஆயிரம் நொட்டச்சொல்லு சொல்லுவீங்க."

"சொல்ல மாட்டேன். என்ன வேணும், கேளு."

கோபத்திலோ கேலியிலோ அவள் பதில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே யோசித்தாள். ஒத்தக்கடை தாண்டும்வரை யோசித்தாள். நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"ஒண்ணும் தோணலைங்க" என்றாள். "இப்ப எல்லாம் நல்லாத்தான ஓடுது."