பெட்டியில் இல்லாத சத்தம்

இன்று கச்சேரி மேடையில் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்ததும் எழுந்த பழந்தோல் வாடை, தாமிரபரணி வெள்ளம் அடித்துக்கொண்டு போன எங்கள் ஸ்ரீவைகுண்டத்து ஓலைப் பள்ளிக்கூடத்துக்கு என்னை இழுத்துப் போனது. அங்கே தினமும் பாட்டு வாத்தியார் ஆர்மோனியத்தின் துருத்தியை அழுத்த, அம்மாவின் நடவுப்பாட்டு மெட்டில் நானே கட்டிய அறுப்புப் பண்டிகைப் பாட்டைப் பாடுவேன். பெட்டியின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே குரல் வளையும் இடம் வந்ததும் வாசிப்பை நிறுத்திவிடுவார்.

“ஏட்டி, பெட்டியில இல்லாத சத்தம் உனக்கு மட்டும் எங்கன இருந்து வருது?”

“வயக்காட்டுல இருந்து, ஐயா.”

பண்டிகையன்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி அந்த வளைவை நிமிர்த்தி மற்றப் பிள்ளைகள் பாடினார்கள்; நான் கட்டிய பாட்டுக்கு நானே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இத்தனை மேடை ஏறிய பிறகும், அந்த இடம் வந்தால் பெட்டிக்காரர் கையை எடுத்துவிட்டு என்னைத்தான் முறைக்கிறார். பெட்டியை இதுவரை ஒருவரும் முறைத்ததில்லை.