வாடை எப்போது போகும்

தூத்துக்குடியில் கடலோரமாக வீடு வாங்கியபோது, ஒருநாள் கடல் உள்ளே வரும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் பயமுறுத்தினார்கள். கடல் வரவில்லை. ஊருக்கு மேற்கே புதுக்கோட்டைக் கிராமத்துப் பக்கம் குளங்கள் நிரம்பி வழிந்து, அந்தத் தண்ணீர் வருகிற வழியில் கண்ட சாக்கடைகளை எல்லாம் துணைக்குக் கூட்டிக்கொண்டு, எங்கள் பின்வாசல் வழியாக வந்தது. கடலைப் பார்த்தபடி முன்வாசலில் மட்டும் உயரமாகப் படி கட்டி வைத்திருந்தோம்.

நானும் மனைவியும் ஆறு வயது மகளும் மாடி வீட்டுக்கு ஏறிவிட்டோம். மாடியில் குடியிருக்கும் அண்ணாச்சிக்குத் திரேஸ்புரம் மீன்பிடித் துறையில் ஒரு படகு உண்டு. அவசரத்தில் நாங்கள் எடுத்துக்கொண்டு ஏறியது பத்திரங்கள், கேஸ் புத்தகம், மனைவியின் நகை டப்பா. மகளின் தலையணையை மறந்துவிட்டோம். உறையில் மஞ்சள் வாத்துப் படம் போட்ட சின்ன இலவம்பஞ்சுத் தலையணை. அது இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

“அப்பா, வாத்து நீந்திரும்லா?” என்று கேட்டாள்.

“நல்லா நீந்தும்” என்றேன்.

தண்ணீர் வடிந்தபோது கீழ் வீட்டுச் சுவர்களில் கட்டில் உயரத்துக்கு ஒரு கோடு இருந்தது. கோட்டுக்கு மேலே எங்கள் வீடு, கீழே வேறு யாருடையதோ. சேற்றை அள்ளினோம், கழுவினோம், பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். பார்வைக்கு வீடு வீடாகிவிட்டது. வாடை மட்டும் போகவில்லை. நனைந்த சாக்கை மடித்து மூலையில் வைத்து மறந்துபோனால் ஒரு நாற்றம் வருமே, அது. கதவைத் திறந்ததும் வந்து வரவேற்கும்.

மகளுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. கீழே வந்து படுத்த இரண்டாவது இரவே அவள் நெஞ்சுக்குள் விசில் ஊத ஆரம்பித்தது. டாக்டர் மருந்து எழுதிவிட்டு, சுவரும் சாமான்களும் நன்றாகக் காய்ந்து அந்த வாடை போகிறவரை பிள்ளையை அந்த வீட்டில் படுக்க வைக்கக் கூடாது என்றார். என் மனைவி ஆசிரியை. அவள் வேலை பார்க்கும், மகளும் படிக்கும் பள்ளிக்கூடம் சாத்தான்குளம் போகும் வழியில் இருக்கிறது. அவளுடைய அம்மா வீடும் பக்கத்து ஊரான நாசரேத்தில்தான். ஆக, எல்லாம் அவளுக்கு வசதியாகவே அமைந்திருந்தது. ஒரு பெரிய பையில் துணிகளை அடுக்கி ஜிப்பை இழுத்து மூடினாள்.

“வாடை போனதும் சொல்லுங்க அத்தான், நாங்க வாரோம்” என்றாள்.

“வாத்து?” என்றாள் மகள். தேடினோம். கிடைக்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் போன மறுநாளே தலையணை கிடைத்தது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சொருகிக் கிடந்தது. நல்ல செய்தியை உடனே சொல்லிவிடலாமா என்று போனை எடுத்தேன். பிறகு, அவள் திரும்பி வரும் நாளில் கையில் கொடுப்போம் என்று வைத்துவிட்டேன். மூன்று தண்ணீரில் அலசினேன். மொட்டை மாடியில், மேகத்துக்கு நடுவே கிடைத்த வெயிலில் போட்டேன். தொட்டுப் பார்த்தால் காய்ந்திருந்தது. மறுபடியும் தூசி, ஈரம் படக்கூடாதே என்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். இந்த வீட்டில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வாடையைத் துரத்த ஆரம்பித்தேன். பினாயில் ஊற்றினால் பினாயில் ஊற்றிய நனைந்த சாக்கு. சாம்பிராணி போட்டால் ஜெபத்துக்குக் கொண்டுவந்த நனைந்த சாக்கு. அடுப்புக்கரி, எலுமிச்சம்பழம், காப்பித்தூள் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சொன்னதை எல்லாம் வாங்கி வைத்தேன். கொஞ்ச நாளில் வாடை குறைந்த மாதிரி இருந்தது. மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகு, ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து கரியானது கூட எனக்குத் தெரியவில்லை. குறைந்தது வாடையல்ல, என் மூக்கு.

இனி அடுத்தவர் மூக்கைத்தான் நம்ப வேண்டும். அங்கேதான் சிக்கல். எங்கள் ஊரில் ஒருத்தர் வீட்டில் நாற்றம் அடிக்கிறது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லும் வழக்கம் கிடையாது. பால்காரர் “அப்படி ஒண்ணும் தெரியலியே” என்றார், தெருவில் நின்றபடி. ஆபீஸ் நண்பனைக் காப்பிக்கு அழைத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, “அங்கன காத்தாட நிக்கேன்” என்று வாசலுக்குப் போய்விட்டான். எங்கள் சபையின் போதகர் ஐயர் வீட்டுக்காக ஜெபிக்க வந்தார். அவர் ஜெபத்தில் அகில உலகத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஆமென் சொல்லுவார். அன்றைக்கு எங்கள் தெருவைத் தாண்டவில்லை. உண்மை எனக்குப் புரிந்தது.

நொந்துபோய் மாடிப் படியில் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், அண்ணாச்சி துறையிலிருந்து வந்தார். அவர் பெரியவர், நாலும் பார்த்தவர். கேட்டுவிட்டேன்.

“அண்ணாச்சி, இந்த வாடை எப்பதான் போகும்?”

அவர் யோசிக்கவே இல்லை. “வாடையா? அது மாசி கழியணும் தம்பி. அதுக்கு முன்னால போவாது. நீங்க என்ன செஞ்சாலும் போவாது. பங்குனியில கச்சான் தலையக் காட்டிட்டுன்னா, வாடை இருந்த எடந் தெரியாமப் போயிரும்.”

இவ்வளவு உறுதியாக என்னிடம் யாருமே பேசியிருக்கவில்லை. உடனே நாசரேத்துக்குப் போன் போட்டு, மாசி முடிந்ததும் வாடை போய்விடும், எழுதி வைத்துக்கொள் என்றேன்.

“யாரு சொன்னா?”

“மாடி அண்ணாச்சி.”

போனில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மழைக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்தடவை.

“அத்தான், அவரு போட்டுக்காரரு. நீங்க வீட்டு வாடையக் கேட்டீய. அவரு வாடைக்காத்தச் சொல்லுதாரு.”

துறைமுக நகரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். சரக்குக் கப்பல்களுக்குப் பேப்பர் வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். கடலில் இருப்பவர்களுக்கு வடக்கேயிருந்து வரும் காற்றுதான் வாடை என்பதும், மேல்காற்றுதான் கச்சான் என்பதும் எனக்குத் தெரியாத சங்கதியா? நாற்றத்தோடேயே குடித்தனம் நடத்துகிறவனுக்கு வேறு எந்த அர்த்தமும் தோன்றாது. அதை அவளிடம் சொல்லவில்லை. போனுக்குப் பின்னால் மகள், “அப்ப மாசி முடிஞ்சதும் வீட்டுக்குப் போலாமா?” என்று கேட்பது காதில் விழுந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமைதோறும் நாசரேத்துக்குப் போவேன். போனதும் மாமியார், “மருமவனே, சட்டையக் கழத்தி வெளிய கொடியில போடுங்க, வேர்வை காயட்டும்” என்பார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவனுக்கு ஏது வேர்வை? அவருக்கும் அந்த ஊர் மரியாதை உண்டு. மகள் கட்டிலின் அந்தக் கோடியில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதைகள் சொல்லுவாள். பக்கத்தில் வா என்றால் வருவாள், ஒரு நிமிடம் இருப்பாள், தண்ணீர் குடிக்கவேண்டும் என்று எழுந்து போவாள். வாத்தைத் தொலைத்த கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை வரும். முன்பெல்லாம் அவள் என் மடியை விட்டு இறங்க மாட்டாள்.

மாசிக்குள் வீடு காய்ந்தாக வேண்டும். ஆபீசில் நண்பனிடம் ஆலோசித்தேன். கப்பலில் போகும் கன்டெய்னருக்குள் சரக்கு வியர்த்துப்போகாமல் இருக்க, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவார்கள்.

“அதுக்குள்ள என்னலே இருக்கு?” என்றான் நண்பன். “ஒரு வகை உப்புத்தான. நம்ம ஊருல உப்புக்கா பஞ்சம்?” அவன் மாமனாருக்கு உப்பளம் உண்டு. அன்று மாலையே அளத்திலிருந்து அள்ளிய உப்பு மூட்டை மூட்டையாக ஒரு குட்டி யானை வண்டியில் வந்து இறங்கியது. கட்டிலடியில், பீரோ பக்கத்தில், சுவரோரம் எல்லாம் தட்டுத்தட்டாகக் கொட்டி வைத்தோம். வீட்டுக்குள் ஒரு சின்ன உப்பளம். போனில் சொன்னபோது மனைவி, “உப்பு கசியாதா அத்தான்?” என்றாள். தூத்துக்குடிக்காரனுக்கு நாசரேத்துக்காரி உப்பைப் பற்றிப் பாடம் நடத்தவேண்டாம் என்றேன்.

உப்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. வீட்டிலிருந்த ஈரத்தை மட்டுமல்ல, கடற்கரையிலிருந்து ஜன்னல் வழியாக வந்த ஈரத்தையும் இழுத்தது. கன்டெய்னர் பை குடித்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அளத்து உப்புக்கு அந்தப் பழக்கம் இல்லை. காலையில் எழுந்து காலை வைத்தால் தரையெல்லாம் பிசுபிசு என்று உப்புத்தண்ணீர். முன்பாவது சாக்கடைத் தண்ணீர் வந்தது, அதற்கு நான் காரணமில்லை.

“உப்பு ஜாடிய நான் எதுக்கு இறுக்கி மூடி வைக்கேன்னு ஒருநாளாவது கேட்டீயளா?” என்றாள் மனைவி.

கடைசியில் கொத்தனாரை அழைத்து, அந்தக் கோடு வரைக்கும் சுவர்ப் பூச்சை முழுக்கக் கொத்தி எடுக்கச் சொன்னேன். அரை வேட்டி அவிழ்ந்த மாதிரி வீடு செங்கல் தெரிய நின்றது. மெத்தை, பிளைவுட் அலமாரி, ஊறிய புத்தகங்கள் எல்லாவற்றையும் வெளியேற்றினேன். கதவு ஜன்னல்களைத் திறந்து போட்டு, ஃபேனை ஓடவிட்டுக் காத்திருந்தேன். இனிமேல் செய்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

மாசி கழிந்தது. ஒருநாள் காலையில் கொடியில் போட்ட துண்டு கடலைப் பார்த்து ஆடியது. காற்று மேற்கேயிருந்து, சூடாக, வறட்டென்று வந்தது. செங்கல் மேல் கையை வைத்தால் பொடி ஒட்டியது. அண்ணாச்சி மாடிப் படியில் இறங்கி வந்தார்.

“தம்பி, வாடை போயிட்டு.”

“எந்த வாடை அண்ணாச்சி?”

அவர் நின்று, எங்கள் வாசலுக்குள் தலையை நீட்டி, மூக்கை உறிஞ்சினார். “ரெண்டுந்தான். அது கெடக்கட்டும், மாடியில எங்களால ஜன்னலத் தொறக்க முடியல பாத்துக்கிடுங்க இவ்வளவு நாளும்.” அப்படி அவர் வாய்விட்டுச் சொன்னதால்தான் நம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்ததும் இருவரும் வந்தார்கள். மனைவி அந்தப் பெரிய பையை வாசல்படியிலேயே வைத்துவிட்டாள். “பிள்ள மத்தியானம் படுத்து எந்திரிக்கட்டும். மூச்சு நல்லா இருந்தா பைய உள்ள எடுக்கேன். இல்லன்னா சாயங்காலப் பஸ்சுக்குப் போயிருவோம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

மகள் ஒவ்வோர் அறையாகப் போனாள். செங்கல்லைத் தொட்டாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள். “வாடை இல்ல” என்றாள். ஆறு வயதில் அந்த ஊர் மரியாதை இன்னும் வந்திருக்காது. எனக்கு உயிர் வந்தது.

இதுதான் சமயம் என்று பீரோவைத் திறந்து, சட்டைகளுக்கு அடியிலிருந்து கவரை எடுத்து, முடிச்சை அவிழ்த்து வாத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்தது. அணைத்துக்கொண்டு வாத்தின் மேல் மூக்கை வைத்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“அப்பா, வாத்து ஒங்கள மாதிரியே மணக்கு.”

மனைவி வந்து தலையணையை வாங்கி அழுத்திப் பார்த்தாள். பஞ்சு உள்ளே கட்டிகட்டியாக இருந்தது. உறையின் உள்பக்கம் கறுப்புப் புள்ளிகள். பிறகு பீரோவுக்குள் குனிந்து என் சட்டை ஒன்றை எடுத்து முகர்ந்தாள். வெளியே நான் வாடையைத் துரத்திக்கொண்டிருந்த காலமெல்லாம் அது கவருக்குள் சொகுசாகக் குடியிருந்து, கசிந்து என் சட்டைகளிலும் ஏறியிருக்கிறது. சனிக்கிழமைதோறும் அதை உடுத்திக்கொண்டு நாசரேத்துக்குப் போய் வந்திருக்கிறேன்.

“ஏளா, அதுக்குத்தான் தள்ளித் தள்ளி ஒக்காந்தியா?” என்று மகளைக் கேட்டேன்.

அவள் தலையாட்டினாள். “இளைப்பு வந்தா ஆச்சி ஒங்கள வரவேண்டாம்னு சொல்லிருவாவன்னு பயந்தேன்.”

மனைவி சட்டைகளை எல்லாம் அள்ளிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் வாளியில் போட்டாள். வாத்தை வெளியே எடுத்துப் போனது மகள்தான். குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெறுங்கையோடு வந்தாள். நான் தலை முழுகிவிட்டு, அண்ணாச்சியிடம் ஒரு பனியன் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதில் மீன் வாடை அடித்தது. அது யாருக்கும் இளைப்பு கொடுக்காது.

மதியம் தரையில் பாய் விரித்துப் படுத்தோம். தலையணை இல்லாததால் என் கையை இழுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். கை மரத்துப்போனது. அசைக்காமல் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். உள்ளே போகிற மூச்சில் விசில் இல்லை. வெளியே வருகிற மூச்சிலும் இல்லை. தலையைத் திருப்பினால், அடுக்களை வாசலில் மனைவியும் கரண்டியைக் கையில் பிடித்தபடி அதையேதான் கேட்டுக்கொண்டு நின்றாள்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள். பையைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து வைத்து, பிள்ளை விழித்துவிடாமல் மெதுவாக ஜிப்பைத் திறந்தாள்.